பூட்டு ஏரியைக் காக்காது

"சனங்களை உள்ளே விட்டீங்கன்னா அவ்வளவுதான், ஏரி நாசமாயிடும்." ஏரியைச் சீரமைத்துப் பூங்கா அமைக்கப்போகிறோம் என்று எந்த ஊரில் கூட்டம் போட்டாலும், இதைச் சொல்ல ஒருவர் எழுந்து நிற்பார். பெரும்பாலும் படித்தவர், நல்லவர், காலையில் பைனாகுலரோடு கரைக்கு வருகிறவர். அவர் சொல்லி முடித்ததும் மேடையில் உள்ள அதிகாரிகள் தலையாட்டுவார்கள். அவர்களுக்கும் அதுதான் சௌகரியம். வேலி, கேட், வாட்ச்மேன், டிக்கெட், காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். திட்ட அறிக்கையில் இதற்குப் 'பாதுகாப்பு' என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

அந்த நல்லவர் பொய் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எந்த ஏரிக்கரையிலும் சிப்ஸ் பாக்கெட் கிடக்கும், தண்ணீர் பாட்டில் மிதக்கும், புதருக்குப் பின்னால் உடைந்த குவார்ட்டர் பாட்டில் இருக்கும். செல்பிக்காக ஒருவர் சேற்றில் இறங்கினால் நாமக்கோழிக் கூட்டம் மொத்தமும் எழுந்து அடுத்த மூலைக்குப் போய்விடும். கூடு கட்டும் பருவத்தில் ஸ்பீக்கர் அலறினால் பறவை கூட்டையே விட்டுவிட்டுப் போவதும் உண்டு. இத்தனையும் நாம் கண்ணால் பார்க்கிறவை. கண்ணால் பார்க்கிறோம் என்பதாலேயே இவைதான் ஏரியைக் கொல்கின்றன என்று நம்பிவிடுகிறோம். உண்மையில் ஏரியைக் கொல்வது வேறு வழியாக, யார் கண்ணிலும் படாமல் வருகிறது.

சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பெருங்குடிக் குப்பைமேடு எழுந்ததே, அந்த மலையைப் பறவை பார்க்க வந்தவர்கள் டிபன் பாக்ஸில் கொண்டுவந்து கொட்டவில்லை. மாநகராட்சி லாரிகள் பல பத்தாண்டுகள் கொட்டின. சதுப்பைக் கூறுபோட்டுச் சாலை, அலுவலகம், அடுக்குமாடி என்று எழும்பியவற்றுக்கெல்லாம் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் சுண்டல் வாங்கித் தின்னும் குடும்பஸ்தர்கள் அல்லர். 2022-ல் அந்த இடம் ராம்சர் பட்டியலில் ஏறியபோது பழைய பரப்பில் சிறு பகுதிதான் மிஞ்சியிருந்தது. பெங்களூரில் பெலந்தூர் ஏரி நுரை தள்ளித் தெருவரை வந்ததும், 2017 பிப்ரவரியில் அதில் தீயும் புகையும் எழுந்ததும் ஊருக்கே தெரியும். பீடி பிடித்தவன் போட்ட நெருப்பு என்று சொல்லித் தப்பிக்க முடியாத தீ அது. நகரத்தின் கழிவு வருஷக்கணக்காக வரத்துக்கால்வாயில் வந்து சேர்ந்த தண்ணீரில் எழுந்த தீ.

கழிவுநீரோடு வரும் நைட்ரஜனும் பாஸ்பரசும் ஆகாயத்தாமரைக்கு உரம். வெயிலும் உரமும் தாராளமாகக் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும் செடி. மேலே பச்சைப் பாய் விரிந்ததும் கீழே வெளிச்சம் இறங்காது, காற்றும் கலக்காது. செத்த செடி அழுகும்போது தண்ணீரில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும். இரவெல்லாம் குறைந்துகொண்டே வந்து விடியற்காலையில்தான் அது ஆகக் கீழே போகும். அதனால்தான் மீன் செத்து மிதப்பதை முதலில் பார்க்கிறவர்கள் எப்போதும் காலை நடைக்காரர்களாக இருக்கிறார்கள். போட்டோ எடுத்து அனுப்புகிறவர்களும் அவர்கள்தான், செய்தித்தாளில் வரவைக்கிறவர்களும் அவர்கள்தான். பூட்டிக் கிடக்கும் ஏரியில் அதே மீன்கள் செத்தால் நாற்றம் அடுத்த தெருவுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

பூட்டுக்காரர்களின் மிகச் சிறந்த உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். அடையாறு கழிமுகத்தை ஒட்டி 58 ஏக்கரில் அமைந்த தொல்காப்பியப் பூங்கா, 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. இடிபாடும் குப்பையும் மண்டிக் கிடந்த இடத்தைத் தோண்டி நீர்ப்பரப்பை மீட்டு, அந்த மண்ணுக்குரிய செடிகொடிகளை நட்டு வளர்த்தது அருமையான வேலை. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் திறப்பு விழாவோடு திறப்பும் முடிந்துவிட்டது. பல ஆண்டுகளுக்குப் பள்ளி மாணவர் குழுக்களும் முன்பதிவு செய்துகொண்டு வருகிறவர்களும் மட்டுமே உள்ளே போக முடிந்தது. பிறகு கட்டணம் கட்டினால் காலையில் நடக்கலாம் என்றார்கள். அண்மையில்தான் புதுப்பித்து வாசலைக் கொஞ்சம் அகலமாகத் திறந்திருக்கிறார்கள். இத்தனை ஆண்டு சாத்திவைத்ததால் அடையாற்றில் வரும் சாக்கடை ஒரு குடமாவது குறைந்ததா? ஆறு கேட்டைப் பார்த்துத் திரும்பிப் போவதில்லை. உள்ளே பறவைகள் திரும்பி வந்ததற்குக் காரணம் தூர்வாரியதும் மரம் வைத்ததும்தான். அந்தப் பெருமையைப் பூட்டுக்குக் கொடுப்பது அநியாயம்.

பூட்டிய ஏரிக்கு இன்னொரு ஆபத்து உண்டு. செப்டிக் டேங்க் லாரி இரவு இரண்டு மணிக்குப் பின்பக்கமாக வந்து குழாயை இறக்கும். வீடு இடித்த கல்லும் மண்ணும் டிராக்டரில் வந்து உள்வாயில் விழும். ஆறு மாதத்தில் அது மேடாகும், அடுத்த ஆறு மாதத்தில் அதில் எல்லைக்கல் நிற்கும். மனை போட்டவருக்குத் தண்ணீர் நிற்பது பிடிக்காவிட்டால் உபரி நீர் வழியும் கலிங்கை ஒரு முழம் உடைத்துவிட்டால் போதும். ஏரி நிரம்பும் மட்டமே இறங்கிவிடும், யாரும் ஒரு பிடி மண்கூடக் கொட்டாமலே ஏரி சுருங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்கப் பொறியியல் பட்டம் வேண்டாம். போன வருஷம் தண்ணீர் எந்தப் படி வரை நின்றது என்று ஞாபகம் வைத்திருக்கும் ஒரு கிழவர் போதும். அந்தக் கிழவரைத்தான் முதலில் கேட்டுக்கு வெளியே நிறுத்துகிறோம். வாட்ச்மேன் இருக்கிறாரே என்பார்கள். ஒப்பந்ததாரர் சம்பளம் கொடுக்கும் ஒற்றை வாட்ச்மேன், லாரிக்காரனோடு மல்லுக்கு நிற்பார் என்று எதிர்பார்ப்பது அவருக்குச் செய்யும் கொடுமை.

சரி, மனிதரும் பறவையும் ஒரே நீரருகில் இருக்க முடியாது என்கிறார்களே, வேடந்தாங்கலுக்குப் போயிருக்கிறார்களா? எல்லாரும் போயிருப்பார்கள். போய் பறவையைப் பார்த்திருப்பார்கள், தாங்கள் எங்கே நின்று பார்த்தோம் என்பதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அது சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள பாசன ஏரி. வருகிறவர்கள் கரைமேல் நடக்கிறார்கள். கரையிலேயே பார்வைக் கோபுரம் இருக்கிறது. ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் அரிவாள்மூக்கனும் கிளைக்கு ஒரு குடும்பமாகக் குடியிருக்கும். நடுவில் தண்ணீர். மனிதன் தாண்டாத வேலி அந்தத் தண்ணீர்தான். யாரும் டெண்டர் விட்டுக் கட்டியதில்லை. கரையில் குழந்தைகள் கத்துகின்றன, கடலை விற்கிறது, காதலர்கள் வருகிறார்கள். கூட்டில் குஞ்சு வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. மனிதர் எங்கே வருவார், எது வரை வருவார் என்பது நிலையாக இருந்தால் பறவை பழகிக்கொள்கிறது. எதிர்பாராத திசையிலிருந்து ஒருவர் முளைத்தால்தான் எழுந்து பறக்கிறது.

அந்த ஏரியை இவ்வளவு காலம் காத்தவர்கள் யார் என்பதும் யோசிக்கவேண்டியது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். சரணாலயம் என்ற சட்டப் பெயர் வந்ததெல்லாம் அதற்கு நெடுங்காலம் கழித்து. ஊராருக்குப் பறவைமேல் இருந்த பாசத்துக்கு ஒரு கணக்கும் உண்டு: எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். ஏரியிலிருந்து ஏதோ ஒன்று கிடைத்துக்கொண்டிருந்ததால் ஏரிக்காக நின்றார்கள். 2020-ல் சரணாலயத்தின் 5 கி.மீ. சுற்றெல்லையை 3 கி.மீ. ஆகக் குறைக்க வனத்துறை முன்மொழிந்தபோது தமிழ்நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பியது. அந்தக் கூச்சல் எங்கிருந்து வந்தது? சின்ன வயதில் பள்ளிச் சுற்றுலாவில் அந்தக் கரைமேல் நடந்தவர்களிடமிருந்து. யாரும் பார்த்தேயிராத ஏரிக்காக யார் தெருவில் இறங்குவார்கள்?

இந்த நாட்டில் நீரருகே கேட் போடுவது வெறும் நிர்வாகக் காரியமாக ஒருபோதும் இருந்ததில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மகாத் நகரில் ஆயிரக்கணக்கான தலித் மக்களோடு போய்ச் சவதார் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். அந்தக் குளத்தை எல்லாருக்கும் திறந்துவிடுவதாக நகராட்சி ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் தாளில் இருந்தது, குளம் பூட்டியே இருந்தது. அன்று நடந்தது மகாராஷ்டிரத்துக் கதை என்று நாம் நகர்ந்துகொள்ள முடியாது. நம் ஊர்க்குளங்களிலும் எல்லாச் சாதிக்கும் ஒரே படித்துறை இருந்ததில்லை. அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது, ஊரே ஏரியைப் பார்த்துக்கொண்டது என்று உருகுகிறவர்களுக்கும் இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். 'அசுத்தப்படுத்திவிடுவார்கள்' என்ற சொல் இங்கே யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டு வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். சுற்றுச்சூழல் ஆர்வலர் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 20 ரூபாய் டிக்கெட் வைத்தால் யார் உள்ளே வருவார், யார் வெளியே நிற்பார் என்று கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லட்டும்.

இங்கே எதிர் அணிக்காரர் ஒருவர் கை தூக்குவார். "நாங்க பூட்டலையே, எல்லாருக்கும் திறந்துதானே வெச்சிருக்கோம், வாக்கிங் டிராக் போட்டிருக்கோம், லைட் போட்டிருக்கோம்" என்பார். அழகுபடுத்தும் கட்சி. இவர்கள் பூட்டுக் கட்சிக்கு எதிரிகள்போலத் தெரிவார்கள். கோயம்புத்தூருக்கு வந்து பார்த்தால் இரண்டும் பங்காளிகள் என்பது புரியும்.

2016 ஜனவரியில் வெளியான முதல் பட்டியலின் 20 ஸ்மார்ட் சிட்டிகளில் கோவையும் ஒன்று. அந்தப் பணத்தில் கணிசமான பங்கு குளங்களில் இறங்கியது. நொய்யலின் அணைக்கட்டுகளிலிருந்து ராஜவாய்க்கால்கள் வழியாக நிரம்பும் குளங்கள் அவை: செல்வம்பதி, முத்தண்ணன்குளம், உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர் குளம். இன்றைக்கு உக்கடத்திலும் வாலாங்குளத்திலும் கரையெல்லாம் கல் பதித்த பாதை, அலங்கார வளைவு, மிதவை நடைபாதை, கலர் கலராக விளக்கு. சனிக்கிழமை சாயங்காலம் நிற்க இடம் இருக்காது. கோவைக்காரர்களுக்கு நடக்க ஓர் இடம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான், நானும் நடக்கிறேன். ஆனால் பாதைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் தெரியும். ஆகாயத்தாமரையை அள்ளுவதும் அது திரும்ப மூடுவதும் ஆண்டுச் சடங்காகிவிட்டது. வாய்க்காலில் கழிவுநீர் வருகிறது என்ற புகார் ஓய்ந்தபாடில்லை. முதலில் செய்யவேண்டிய வேலை கடைசிக்கும், கடைசியில் செய்யலாம் என்ற வேலை முதலுக்கும் போய்விட்டது. மின்விளக்குக்குத் திறப்பு விழா உண்டு, பேட்டி உண்டு, போட்டோ உண்டு. சாக்கடைக் குழாயைத் திருப்பிவிட்டதற்கு யார் ரிப்பன் வெட்டுவார்?

இந்தக் கட்சியின் கணக்கே ஓட்ட மீட்டர் கணக்கு. கரை முழுக்கச் சுற்றிவர நடைபாதை போட்டால்தான் பில் பெரிதாகும். ஆகவே கோரையும் சம்பும் வளர்ந்திருந்த ஆழமில்லாத ஓரத்தில் மண்ணைக் கொட்டி, நிமிர்ந்த சுவர் கட்டி, மேலே பேவர் பிளாக் பதித்து, கைப்பிடிக் கம்பி நட்டுவிடுகிறார்கள். அந்தச் சரிவான ஓரத்தில்தான் தவளை முட்டையிடும், மீன்குஞ்சு ஒளியும், நீலத் தாழைக்கோழி நடக்கும். கழிவை ஓரளவு வடிகட்டுவதும் அந்தப் புல்தான். அதை எடுத்துவிட்டால் எஞ்சுவது தொட்டி.

சரி, திறந்துவிட்டார்களே, யாருக்குத் திறந்தார்கள்? குளக்கரைகளில் பல பத்தாண்டுகளாகக் குடியிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகரத்து ஓரத்தில் உள்ள அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. கரையில் குடிசை இருக்கலாமா என்று கேட்பீர்கள். வெள்ளம் வரும் இடத்தில் யாரும் குடியிருக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர்களைக் காலி செய்தபோது சொன்ன காரணம் குளம் அசுத்தமாகிறது என்பது. நகரம் முழுவதின் சாக்கடையும் அதே குளத்தில் வந்து விழுந்துகொண்டிருந்த காலத்தில் சொன்ன காரணம். பரிசல் போட்டு ஜிலேபிக் கெண்டை பிடிக்கிற மீனவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பிழைப்பு அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. திட்டத்தின் வரைபடங்களில் ஜாகிங் போகிற உருவம் இருக்கும், நாயோடு நடக்கிற உருவம் இருக்கும், ஐஸ்கிரீம் சாப்பிடும் குழந்தை இருக்கும். வலை உலர்த்துகிற உருவத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. பூட்டுக் கட்சி எல்லாரையும் வெளியே நிறுத்துகிறது. அழகுக் கட்சி வாங்கிச் சாப்பிடுகிறவரை மட்டும் உள்ளே விடுகிறது. இரண்டுக்கும் ஏரியோடு உறவு வைத்திருக்கும் மனிதர் தேவையில்லை.

இரண்டையும் விட்டால் மூன்றாவது வழி இருக்கிறதா என்று கேட்கிறவர்களுக்கு நியூயார்க்கிலிருந்து ஒரு சங்கதி சொல்கிறேன். சென்ட்ரல் பூங்காவின் வடகிழக்கு மூலையில், ஹார்லெம் பகுதியின் வாசலில், ஹார்லெம் மீர் என்று ஓர் ஏரி. பூங்காவை வடிவமைத்த ஓல்ம்ஸ்டெட்டும் வாக்ஸும் 19-ஆம் நூற்றாண்டில் உண்டாக்கியது. நெளிவும் வளைவுமாக இருந்த அதன் கரையை 1940-களில் பூங்காத் துறை சிமென்ட் விளிம்பாகக் கட்டி, சுற்றிலும் கம்பி வேலி போட்டது. அப்போது துறையின் தலைவர் ராபர்ட் மோசஸ், நியூயார்க்கைக் கான்கிரீட்டால் திருத்தி எழுதிய மனிதர். நம் ஒப்பந்ததாரர்களுக்கு அவர்தான் குலதெய்வமாக இருக்கவேண்டும், பெயர் தெரியாததால் படம் மாட்டவில்லை. 1966-ல், பூங்காவின் பள்ளத்தாக்கு வழியாக வரும் ஓடை ஏரியில் சேரும் வாயிலேயே நீச்சல்குளமும் பனிச்சறுக்குத் தளமும் சேர்ந்த ஒரு பெரிய கட்டடத்தைக் குந்தவைத்தார்கள். ஓடை குழாய்க்குள் போனது. 1970-களில் ஏரி வண்டல் மேடாகி நாறியது. கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோக்காரர்களும் வாழ்ந்த ஏழைப் பேட்டை. நகரம் அந்த மூலையைக் கைவிட்டிருந்தது.

1980-ல் உருவான சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சி அந்த மூலையைக் கையில் எடுத்தபோது செய்த முதல் காரியங்களில் ஒன்று, வேலியைப் பிடுங்கியது. சிமென்ட் விளிம்பை உடைத்து, புல் சரிவாகத் தண்ணீருக்குள் இறங்கும் கரையை மீட்டார்கள். தூர்வாரி மீன் விட்டார்கள். 1993-ல் திறந்தபோது கரையில் ஒரு சிறு கட்டடமும் கட்டியிருந்தார்கள். அங்கே போய்க் கேட்டால் மூங்கில் தூண்டிலை இலவசமாகக் கையில் கொடுப்பார்கள். பிடிக்கலாம், திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். நம் பூட்டுக் கட்சிக்காரருக்கு இதைக் கேட்டால் மயக்கமே வரும். அந்தப் பேட்டைப் பிள்ளைகள் கையில் தூண்டிலையே கொடுத்துவிட்டார்கள்!

அதோடு நிற்கவில்லை. 1966-ன் கட்டடத்தை 2021-ல் இடித்தார்கள். 2025 ஏப்ரலில் டேவிஸ் மையம் என்ற பெயரில் அதன் இடத்துக்குப் புதியது வந்தது. செலவு சுமார் 16 கோடி டாலர். புதுக் கட்டடம் குன்றின் சரிவுக்குள் புதைந்து நிற்கிறது, கூரைமேல் புல். குழாய்க்குள் கிடந்த ஓடையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து மீண்டும் ஏரியோடு சேர்த்தார்கள். ஏரி ஓரத்துச் சதுப்பில் புற்களுக்கு நடுவே மரப்பாதை போகிறது. கோடையில் நீச்சல்குளம், குளிர்காலத்தில் சறுக்குத் தளம், இடைப்பட்ட பருவங்களில் வெறும் புல்வெளி. பழைய கட்டடம் ஓடையையும் அடைத்தது, மனிதர் நடக்கும் வழியையும் அடைத்தது. அதை எடுத்ததும் இரண்டுக்கும் ஒரே நாளில் வழி பிறந்தது. தண்ணீரின் பாதையும் மனிதரின் பாதையும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைத்திருந்தால் இந்த வரைபடமே பிறந்திருக்காது.

அமெரிக்கக் காசு, அங்கே முடியும், இங்கே முடியுமா என்பார்கள். வேலியைப் பிடுங்கக் காசு வேண்டாம். அதற்கும் மேல் சான்று வேண்டுமென்றால் பெங்களூர் சர்ஜாபூர் சாலைக்குப் போங்கள். கைகொண்டரஹள்ளி ஏரி, 48 ஏக்கர். 2009-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாநகராட்சியும் அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்களும் சேர்ந்து மீட்டது. கழிவுநீரைத் திருப்பிவிட்ட பிறகுதான் பாதை வந்தது. அந்த வேலையில் பங்கெடுத்த சூழலியல் அறிஞர் ஹரிணி நாகேந்திரா இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அந்த ஏரியில் காலையில் ஐ.டி. ஊழியர் ஓடுகிறார். மாட்டுக்காரர் புல் அறுத்துக்கொண்டு போகிறார். மீன் பிடிக்கிறார்கள். பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். புல் அறுக்கிறவரைத் துரத்தியிருந்தால் புல் அறுக்க ஒப்பந்தம் விட்டிருக்க வேண்டும். அந்தச் செலவு மிச்சம்.

எனவே ஏரியைத் திறப்பது என்றால் என்ன என்று பேசலாம். மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக 263 மீட்டர் மரப்பாதை ஒன்றைத் திறந்தார்கள். செலவு 1.14 கோடி. சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் முதல்முறையாகக் கடல் அருகே போய் நின்ற படங்கள் வந்தன. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைப் பெயர்த்துப்போட்டது, மறுபடி சரி செய்தார்கள். ஒரு மாநகரத்தின் நீரோரத் திட்டங்களில் அந்த 1.14 கோடி ஒரு மூலைக்குக்கூட வராது. ஆனால் அதுதான் திறப்பு. எத்தனை ஏரிப் பூங்காக்களில் வாசலிலேயே மோட்டார் பைக் வராமல் இருக்க என்று கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, சக்கர நாற்காலியையும் தள்ளுவண்டிக் குழந்தையையும் சேர்த்துத் தடுக்கிறார்கள்! பெண்கள் ஏரிக்கரையில் எவ்வளவு நேரம் இருப்பார்கள் என்பதைத் தீர்மானிப்பது இயற்கைக் காட்சி இல்லை, கழிப்பறை. தண்ணீர் வரும், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை. அது பூட்டியிருந்தால் பூங்காவும் அவர்களுக்குப் பூட்டியதுதான்.

கட்டுப்பாடே வேண்டாமா? வேண்டும், நிறையவே வேண்டும். ஆனால் எதைக் கட்டுப்படுத்துவது? ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. அது எண்ணுவது வண்டிகளை. அது சரியான இடம். கொடைக்கானல் ஏரியைச் சுற்றிய சாலையில் மூச்சு முட்டுவது நடக்கிறவரால் அல்ல. ஏரிப் பூங்காவிலும் அப்படியே: வண்டியை வெளியே நிறுத்துங்கள், ஸ்பீக்கரைத் தடை செய்யுங்கள், ஒருமுறை தூக்கிப்போடும் பிளாஸ்டிக்கை உள்ளே விற்க விடாதீர்கள், இரவு விளக்கைத் தண்ணீர்மேல் படாமல் கீழ்நோக்கி வையுங்கள். கரையில் ஒரு பாதியில் மட்டும் பாதை போடுங்கள். மறுபாதியில் பாதையே வேண்டாம், கோரை வளரட்டும். அங்கே வேலியும் தேவைப்படாது. வழியில்லாத இடத்துக்கு யாரும் குடும்பத்தோடு போவதில்லை. வேடந்தாங்கல் இருநூறு வருஷமாகக் காட்டிக்கொண்டிருக்கும் முறை இது.

டிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பராமரிப்புக்குக் காசு வேண்டாமா என்பது வழக்கமான கேள்வி. சீனாவின் ஹாங்சோ நகரம் 2002-ல் தன் மேற்கு ஏரியைச் சுற்றிய பூங்காக்களின் நுழைவுக் கட்டணத்தை எடுத்துவிட்டது. வந்தவர்கள் ஊரில் தங்கிச் செலவழித்தார்கள். ஏரி கெட்டுப்போய்விடவில்லை, 2011-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நம் ஊரில் டிக்கெட் வசூலிப்பவர், கேட்காரர், ரசீதுப் புத்தகம், வருஷ ஏலம் இவற்றுக்குப் போக மிஞ்சும் தொகையைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். சொத்துவரி கட்டிய ஊர் அது. தன் ஏரியைப் பார்க்க இன்னொருமுறை கட்டவேண்டிய அவசியமில்லை.

பூட்டுக் கட்சி நண்பர்களிடம் எனக்குப் பகை இல்லை. அவர்களுடைய கோபத்தை வேறு பக்கம் திருப்பச் சொல்கிறேன். குழந்தை போட்ட பாக்கெட்டைப் பார்த்துக் கத்துகிற சுறுசுறுப்பில் பாதியை வரத்துக்கால்வாய் வாயில் நின்று காட்டினால் போதும். அந்த வாய்க்காலில் பெரும்பாலும் யாரும் நிற்பதில்லை, அங்கே நாறும், பறவையும் இருக்காது.

உங்கள் பகுதி ஏரிக்குத் திட்டம் என்று அடுத்து அறிவிப்பு வந்தால், மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். கழிவுநீரைத் தடுத்துத் திருப்ப எவ்வளவு, பாதைக்கும் வேலிக்கும் விளக்குக்கும் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். வந்த இரண்டு தொகையையும் பெரிய எழுத்தில் எழுதி, ஏரிக்கரை டீக்கடைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.